சுற்றிக்கொண்டே இருந்த முகூர்த்தம்

ஐந்தாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. பள்ளிக்கூடம் இன்னும் திருநெல்வேலிப் பக்கம் அதே இடத்தில்தான் இருக்கிறது. நான்தான் புனேவுக்கு ஓடிவந்தேன். கசார்வாடியில், பழைய பம்பாய் ரோட்டை ஒட்டிய லேத் பட்டறை ஒன்றில் இரும்பைக் கடைவது என் தொழில். இரும்புக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்கும் தெரியாது, அதனால் எங்களுக்குள் சண்டையில்லை.

அப்படிப்பட்ட நான் எங்கள் கட்டிடத்தில் 'கம்ப்யூட்டர் தெரிந்தவன்' ஆனதற்குக் காரணம் மாடிவீட்டு சார். எங்களுக்கு மேலே நாலாவது மாடியில் குடியிருந்தவர், தஞ்சாவூர்க்காரர், ஔந்தில் ஒரு பேங்கில் ஆபீசர். ஒருநாள் அவருடைய கம்ப்யூட்டருக்கு உயிர் வரவில்லை. 'நீ மெக்கானிக்தானே, வந்து பாரேன்' என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். பிளக் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே தள்ளினேன். வந்துவிட்டது.

"என்னப்பா பண்ணினே?" என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் மரியாதை இல்லை, அவருக்கும் மரியாதை இல்லை.

"உள்ள சின்ன அட்ஜஸ்ட்மெண்ட் சார்" என்றேன்.

அதிலிருந்து எந்த மாடியில் கம்ப்யூட்டர் படுத்தாலும் எனக்குத்தான் ஆள் வரும். என்னிடம் மூன்று வைத்தியம் உண்டு. பிளக்கைத் தள்ளுவேன். அணைத்துப் போடுவேன். அதற்கும் மசியாவிட்டால் மண்டையில் ஒரு தட்டு தட்டுவேன். பெரும்பாலும் குணமாகிவிடும். ஆகாவிட்டால் 'வைரஸ்' என்று சொல்லி, காய்ச்சல் என்று வருகிறவனை அதே பேரைச் சொல்லி அனுப்பிவைக்கும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

இந்தப் பெருமையில் நானும் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வீட்டில் வைத்திருந்தேன். அப்போது இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ. எங்கள் பகுதி கேபிள்காரர், மொட்டைமாடியில் ஒரு டப்பாவைப் பொருத்தி, அதிலிருந்து வீட்டுக்கு ஒரு ஒயர் என்று கொடி கட்டுவதுபோல இழுத்துவிட்டிருந்தார். அதுதான் எங்கள் இன்டர்நெட். நான் அதில் பழைய பாட்டு கேட்பேன். என் பெண்டாட்டி பிளஸ் டூ படித்தவள். அவள் அதில் சகல விஷயமும் படிப்பாள். ஆனால் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான்தான்.

அந்த வருஷம் என் மச்சினிக்குத் திருநெல்வேலியில் கல்யாணம் நிச்சயமானது. என் பெண்டாட்டிக்குத் தங்கை என்று பேர், உண்மையில் மூத்த மகள். அவர்கள் அம்மா சீக்கிரமே போய்விட்டாள். தங்கைக்குத் தலைபின்னி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதெல்லாம் இவள்தான். கல்யாணப் பேச்சு வந்த நாளிலிருந்து, தாலி கட்டும்போது தான் எங்கே நிற்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சமயம் பார்த்து எங்களுக்கு முதல் பிள்ளை உண்டாகி எட்டாம் மாசம். டாக்டரம்மா ரயிலைப் பற்றிய பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டார். கட்டிலை விட்டு அதிகம் இறங்கவே வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, வாய்ச்சவடால்தான் தெரியும்.

"ஏட்டி, நீ கல்யாணத்துக்குப் போவலன்னா என்ன, கல்யாணத்த இங்க வரவைக்கேன். எவன் தடுக்கான்னு பாப்போம்" என்றேன்.

சொன்னபிறகுதான் எப்படி வரவைப்பது என்று யோசித்தேன். நல்லவேளை, என் மச்சினன் விவரமானவன். கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோக்காரர்களே இப்போது இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டுகிறார்களாம். அதற்கு ஏற்பாடு செய்துவிட்டு, அந்த விலாசத்தை என் பெண்டாட்டிக்கு போனில் எழுத்து எழுத்தாகச் சொன்னான்.

சனிக்கிழமை சாயங்காலம் நிச்சயதாம்பூலம். அதை வைத்துப் பரீட்சை பார்த்தோம். படம் வரவேண்டிய இடத்தில் கறுப்புச் சதுரம்தான் வந்தது. அதன்மேல் ஏதோ இங்கிலீஷ் பெட்டி எட்டிப் பார்த்தது. இங்கிலீஷ் பெட்டி எது வந்தாலும் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கி விரட்டிவிடுவது என் பழக்கம். விரட்டினேன். மறுபடி வந்தது. மறுபடி விரட்டினேன்.

"அத ஏன் வெரட்டுதீய? என்ன சொல்லுதுன்னு பாக்க வேண்டாமா?" என்றாள் கட்டிலிலிருந்து.

"அதெல்லாம் வெளம்பரம்."

"வெளம்பரம் இல்ல. படம் காட்டுததுக்கு ஒரு பிளேயர் வேணுமாம். போட்டுக்கிடவான்னு கேக்கு. சரின்னு அமுக்குங்க."

அமுக்கினேன். படம் வந்துவிட்டது. ஆனால் ஊமைப்படம். நாதஸ்வரக்காரர் கன்னம் புடைக்க ஊதுகிறார், ஒரு சத்தமும் இல்லை. ஸ்பீக்கரின் முதுகில் தட்டினேன். பிளக்கைத் தள்ளினேன். பிறகு ஸ்குரூ டிரைவரை எடுத்து ஸ்பீக்கரைக் கழற்றிப் போட்டுவிட்டேன். உள்ளே காந்தம் இருந்தது. காந்தம் நன்றாகத்தான் இருந்தது.

"படத்துக்குக் கீழ ஒரு சின்ன ஸ்பீக்கர் வரஞ்சிருக்கு பாருங்க. அதுல குறுக்க ஒரு கோடு இருக்கு. அத அமுக்குங்க" என்றாள்.

ஸ்பீக்கரை மூடிவிட்டு அமுக்கினேன். நாதஸ்வரம் வீடு முழுக்க நிறைந்தது. மச்சினி பச்சைப் பட்டில் வந்து உட்கார்ந்தாள். என் பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெலிஞ்சிட்டா" என்றாள். படம் தடங்கல் இல்லாமல் ஓடியது, எப்போதாவது ஒரு சின்ன விக்கல், அவ்வளவுதான். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அத்தோடு நின்றிருக்கலாம்.

சந்தோஷத்தில் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. நம் வீட்டுக் கல்யாணம், அக்கம்பக்கத்தில் முறையாகச் சொல்லவேண்டாமா என்றாள். தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, கற்கண்டு எல்லாம் வைத்துக் கொடுத்தாள். பத்திரிகைக்குப் பதிலாக, இன்டர்நெட் விலாசத்தைத் துண்டுக் காகிதங்களில் எழுதித் தந்தாள். "நம்ம வீட்டுக்கு வந்து பாக்கச் சொல்லுங்க" என்றுதான் சொல்லி அனுப்பினாள்.

நான் வெளியே வந்து ஒரு கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வரச்சொன்னால் டிபன் போடவேண்டும். அவள் எழுந்திருக்கக் கூடாது. அப்படியானால் உப்புமா கிண்டுவது நான். நான் கிண்டிய உப்புமாவைச் சாப்பிட்டால் அந்தக் குடும்பங்களோடு உறவு நீடிக்காது. ஆகவே கதவு கதவாகத் தட்டி, குங்குமம் நீட்டி, "நீங்க சிரமப்பட்டு வரவேண்டாம். உங்க வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து பார்க்கலாம்!" என்று ஹிந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் அழைத்துவிட்டு வந்தேன்.

எல்லாரும் அசந்துபோனார்கள். நாலாவது மாடி சார், "டெக்னாலஜிய நல்லா யூஸ் பண்றேப்பா" என்று முதுகில் தட்டினார். கீழ்வீட்டு காக்கூ, மராத்தியில் காக்கூ என்றால் சித்தி முறை, கட்டிடத்துக்கே அந்த அம்மா காக்கூதான், குங்குமத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு, காலையில் புதுப்புடவை கட்டி உட்கார்ந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே என் பெண்டாட்டி குளித்து, ஊரிலிருந்து அவளுக்கென்று எடுத்து அனுப்பிய அரக்குப் பட்டைக் கட்டி, தலைக்குப் பூ வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு கிண்ணத்தில் அட்சதை. நான் வேட்டி கட்டி, மாப்பிள்ளை முறுக்கோடு கம்ப்யூட்டரைப் போட்டேன்.

மணமேடை வந்தது. ஐயர் கையைத் தூக்கினார். தூக்கிய கை தூக்கியபடி நின்றது. நடுவில் ஒரு சின்ன வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது.

சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஐயர் ஒரு சொல் சொன்னார். மறுபடி வட்டம்.

"என்னங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, ஐயர் மூச்சு வாங்குதாரு."

பக்கத்தை மூடித் திறந்தேன். வட்டம். அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டர் கண் விழித்து வருவதற்குள் கல்யாணமே முடிந்துவிடுமோ என்று அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். வந்தது, வட்டத்தோடு வந்தது. மானிட்டரின் மண்டையில் தட்டினேன். படம் ஒருதரம் நடுங்கி மறுபடி நின்றது. சூடாகியிருக்கும் என்று டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். அட்சதை பறந்தது.

"வேற ஏதாவது தொறந்திருக்கா பாருங்க. எல்லாத்தயும் மூடுங்க" என்றாள்.

மூடினேன். பின்னால் ஒரு பழைய பாட்டு தானாக இறங்கிக்கொண்டிருந்தது, அதையும் நிறுத்தினேன்.

"படத்தக் கொஞ்சம் மட்டமா காட்டச் சொல்லுங்க. அதுல ஹை, லோன்னு இருக்கும். லோ போடுங்க."

போட்டேன். ஐயர் முகம் கடலைமாவு பிசைந்ததுபோல ஆயிற்று. ஆனாலும் நாலு சொல் சேர்ந்தாற்போல வந்தது. ஐந்தாவது சொல்லில் வட்டம். பெண்ணை அழைத்து வருகிறார்களா, ஆடு ஏதாவது உள்ளே வருகிறதா என்று தெரியவில்லை. பச்சையும் சிவப்புமாக ஏதோ நகர்ந்தது.

அவள் அட்சதைக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கேபிள்காரருக்குப் போன் போட்டேன்.

"லைன் ஏக்தம் டீக் ஹை, பாவ், லைனில் ஒரு கோளாறும் இல்லை. மொட்டைமாடி டப்பாவை ஒருதடவை அணைத்துப் போடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் தூக்கம் உண்டே.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் ஓடினேன். அப்போது ஓர் அதிசயம் கேட்டேன். எதிர்வீட்டுக் கதவுக்குப் பின்னால் நாதஸ்வரம். கீழேயும் நாதஸ்வரம். நாலாவது மாடியிலும் நாதஸ்வரம். எல்லா வீட்டிலும் எங்கள் கல்யாண மேளம்தான், துண்டு துண்டாக, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு இடத்தில் விக்கிக்கொண்டு. ஒரு புத்திசாலியாக இருந்தால் அங்கேயே விஷயம் புரிந்திருக்கும். எனக்கு நெஞ்சு விம்மியது. நம் மச்சினி கல்யாண மேளம் கசார்வாடியில் நாலு மாடியிலும் கேட்கிறதே என்று, அரை நிமிஷம் அங்கேயே நின்று ரசித்துவிட்டுத்தான் மேலே போனேன்.

மொட்டைமாடியில் டப்பாவின் விளக்குகள் அத்தனையும் பைத்தியம் பிடித்தாற்போல மின்னின. பிளக்கைப் பிடுங்கினேன்.

பிடுங்கியதுதான் தாமதம். கட்டிடம் முழுக்க ஒரே குரலில் ஓலம் கிளம்பியது. கதவுகள் படபடவென்று திறந்தன. "அரே! லக்ன கேல!" கல்யாணம் போச்சே என்று கீழே காக்கூவின் குரல். "யாருப்பா மேல? என்ன நோண்டறே?" என்று சாரின் குரல். பயந்துபோய் பிளக்கை மறுபடி செருகிவிட்டுக் கீழே ஓடிவந்தேன். வட்டம் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"மேல என்ன சத்தம்?" என்றாள்.

"எல்லா வீட்லயும் நம்ம கல்யாணம்தான் பாக்காவ. டப்பாவ அமத்துனேன், ஊரே அழுவுது. எவ்வளவு பாசம் பாத்தியா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"எல்லா வீட்லயுமா? நம்ம வீட்டுக்கு வாங்கன்னுதான சொல்லச் சொன்னேன்?"

நான் ஃபேனைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

"காலம்பற எல்லாரும் ஒண்ணுபோல கொழாயத் தொறந்தா நம்ம வீட்ல என்ன வருது?"

"காத்துதான் வருது."

"அப்பம் நீங்க என்ன செய்வீய?"

"படியில நின்னு, கொழாய மூடுங்கன்னு சத்தம் போடுவேன்."

"போய்ப் போடுங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. ஒரே டப்பா, ஒரே ஒயர் வெளியிலிருந்து வருகிறது. அதில் வருகிற கல்யாணத்தை அத்தனை வீடும் ஆளுக்கொரு சொம்பாக மொண்டால், எங்களுக்குக் கழுத்தைப் பிடித்தாற்போல விக்கல்தானே மிஞ்சும். நேற்று நாங்கள் மட்டும் பார்த்தோம், ஓடியது. இன்று ஊரைக் கூட்டிவிட்டேன். மஞ்சள் குங்குமம் வைத்து, வீடுவீடாகப் போய், என் மச்சினி கல்யாணத்தை நானே நிறுத்தியிருக்கிறேன்.

கல்யாணத்துக்கு அழைக்கப் போயிருக்கிறேன், சாவு சொல்லவும் போயிருக்கிறேன். அழைத்த கல்யாணத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல எந்த மொழியிலும் எனக்கு வார்த்தை தெரியாது. முதலில் நாலாவது மாடி. சார் பட்டு வேட்டி கட்டி, கம்ப்யூட்டர் முன்னால் பயபக்தியாக உட்கார்ந்திருந்தார்.

"சார், கோவிச்சுக்கிடாதிய. எங்க கல்யாணத்த அணைச்சிருங்க."

"என்னப்பா இது? தாம்பாளத்தோட வந்து கூப்ட்டே. இப்போ பாக்காதேங்கறே. நான் என்ன கண்ணு வச்சுடுவேனா?"

"ஐயோ, அதில்ல சார். எல்லாரும் பாத்தா யாருக்கும் படம் தெரியாது. எங்க வீட்ல மட்டும் ஓட்டுவோம். நீங்க அங்க வாங்க."

"டிபன் உண்டா?"

"இல்ல சார்."

"நேத்திக்கே அதுக்குத்தான் வரவேண்டாம்னியா?" என்று கேட்டபடியே எழுந்து அணைத்தார். படித்தவர், கண்டுபிடித்துவிட்டார்.

மற்ற வீடுகளில் என்னைவிட காக்கூதான் வேலை செய்தது. நான் ஹிந்தியில் பாதி சொல்வதற்குள் விஷயம் பிடிபட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படிக்கு வந்து, தண்ணீர் சண்டைக்கு வைத்திருக்கும் குரலில், "பந்த் கரா! சக்ள பந்த் கரா!" என்று கத்தியது. எல்லாவற்றையும் மூடுங்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு வீடாக நாதஸ்வரம் அடங்கியது. கட்டிடத்தில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. அதன்பிறகு செருப்புச் சத்தம், எல்லாரும் எங்கள் வீட்டை நோக்கி. காக்கூ ஒரு பெரிய பாத்திரத்தில் பொஹே கொண்டுவந்தது. அவல் உப்புமாதான் அது. என் உப்புமா தப்பித்தது.

ஒற்றை அறை வீடு. கட்டிலில் நாலு பேர், தரையில் மீதிப் பேர், சார் அரிசி டப்பாவின் மேல். படம் ஓடியது. ஐயர் கை இறங்கியது. மாப்பிள்ளை தெரிந்தான். பக்கத்தில் கூரைப்புடவையில் மச்சினி.

"லோவ எடுத்துட்டு ஹை போடட்டுமா?" என்று மௌசைத் தொடப் போனேன். அறை மொத்தமும், "தொடாதே!" என்று மூன்று மொழியில் கத்தியது.

அப்போது போன் அடித்தது. மச்சினன். எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் கெட்டிமேளம் பிய்த்துக்கொண்டிருந்தது.

"அத்தான்! அக்காட்ட சொல்லுங்க! தாலி கட்டியாச்சு! பாத்தாளா? நல்லா தெரிஞ்சிச்சா?"

என் பெண்டாட்டியின் முகம் சுருங்கிப்போனது. கிண்ணத்திலிருந்து எடுத்த அட்சதை கையில் அப்படியே இருந்தது. அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்து, ஊரையே அணைத்து, கடைசியில் கோட்டை விட்டாயிற்று. இனி எதைத் தட்டுவது? கை தானாகப் பக்கத்தை மூடித் திறக்கப் போனது. அதற்குள் பட்டென்று புறங்கையில் ஓர் அடி விழுந்தது. எட்டு மாசக்காரி அடித்த அடி மாதிரி இல்லை.

"கையை எடுங்க! அங்கன பாருங்க!"

பார்த்தேன். திரையில் மாப்பிள்ளை இன்னும் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். ஐயர் தாலியை இன்னும் தட்டில்தான் வைத்திருந்தார். ஒருவர் அதை எடுத்துக்கொண்டு பெரியவர்களிடம் ஆசி வாங்கப் போய்க்கொண்டிருந்தார்.

"இங்க இன்னும் கட்டலல்லா! நின்னு நின்னு வந்ததுல படம் பிந்திருக்கு. நீங்க மூடித் தொறந்தா அங்க இருக்க எடத்துக்குப் போயிரும். தாலிய முழுங்கிரும்" என்றாள். பிறகு போனைப் பார்த்து, "எலேய், நீ வைல! இங்க இப்பந்தான் கட்டப் போறாவ!" என்றாள்.

"இங்க கட்டியாச்சுக்கா..."

"ஒனக்குக் கட்டியாச்சு. எனக்குக் கட்டல. வை!"

சார் அரிசி டப்பாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, "திருநெல்வேலிக்கு ஒரு முகூர்த்தம், கசார்வாடிக்கு ஒரு முகூர்த்தம். பஞ்சாங்கத்திலயே இல்லப்பா" என்றார்.

முடிந்துபோன ஒரு கல்யாணம் நடக்கவேண்டுமே என்று நாங்கள் அத்தனை பேரும் வேண்டிக்கொண்டிருந்தோம். தட்டு சுற்றி வந்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்தான். எங்கள் ஸ்பீக்கரில் கெட்டிமேளம் வெடித்தது. காக்கூ எழுந்து நின்று, அவர்கள் வழக்கப்படி, "சுப மங்கல் சாவதான்!" என்று முழங்கி அட்சதையை வீசியது. எல்லாரும் வீசினார்கள். மானிட்டரிலும் கீபோர்டிலும் சாரின் வழுக்கையிலும் மஞ்சள் அரிசி மழை. என் பெண்டாட்டி மட்டும் வீசவில்லை. எட்டி, கண்ணாடித் திரையில் தங்கையின் தலை இருக்கும் இடமாகப் பார்த்து, மெதுவாக விட்டாள்.

மூன்றாவது முடிச்சு விழுந்ததும் படம் நின்றது. வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

மச்சினி குனிந்த தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, காமிராவைப் பார்க்கிறாளா என்னவோ, எங்கள் பக்கமாகப் பார்த்தபடி நின்றுவிட்டாள். மட்டமான படம்தான். கண் எது மூக்கு எது என்று நமக்குச் சொல்ல முடியாது.

"என்னையத்தான் பாக்கா" என்றாள் என் பெண்டாட்டி.

எல்லாரும் பொஹே தின்றார்கள், என் சமர்த்தைச் சொல்லிச் சிரித்தார்கள், இலை போடாத கல்யாணம் என்று என்னைக் கேலி செய்துவிட்டுக் கிளம்பினார்கள். அவள் ஒரு தட்டில் பொஹே வாங்கிக்கொண்டு, நாற்காலியைத் திரைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வந்தவர்கள் போனபிறகு நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இப்பவாவது ஒருதரம் மூடித் தொறக்கட்டுமா?"

"கெடக்கட்டும்."

மத்தியானம் மேலிருந்து சார் படியில் நின்று குரல் கொடுத்தார்.

"என்னப்பா, ஓடறதா, இன்னும் நிக்கறதா?"

"நிக்கி சார்" என்றேன். "வீட்டுக்காரி நிக்கட்டும்னுட்டா."